ஆறாம் பக்கத்து ஓட்டை

“அக்கா, ஒண்ணு கண்ணுல பட்டுது.”

“வயசு?”

“முழுசாக் கேளுங்களேன்.”

“முதல்ல வயசைச் சொல்லு. மத்ததெல்லாம் அப்புறம்.”

“முப்பத்தஞ்சு.”

“அடுத்தது.”

ஆய்வகத்துக் கழுவுதொட்டியின் முன்னால் தோளோடு தோள் இடித்துக்கொண்டு இருவரும் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தார்கள். சின்னவளின் கைபேசி சோப்புப் பெட்டிமேல் சாய்ந்து நின்றது. கை பிரஷ்ஷில், கண் திரையில். இளம் ஆய்வாளர்களுக்கு என்று எந்த மூலையில் யார் ஒரு நல்கை, ஒரு விருது, ஒரு பயணப்படி அறிவித்தாலும் அது முதலில் இவள் கண்ணில்தான் படும். அதனால் துறையில் அவளுக்குப் பருந்து என்று பெயர். உயரத்தில் வட்டமடித்தபடியே எலியைப் பார்த்துவிடுகிற கண். பார்த்த எலியில் ஒன்றுகூட இதுவரை அவள் வாயில் விழவில்லை என்பது வேறு கதை.

பெரியவளுக்குக் குழாயக்கா என்று பெயர். வீட்டுக் குழாய்களுக்குள் படிகிற வழவழப்பைத்தான் அவள் ஆறு வருஷமாகச் சுரண்டிக்கொண்டிருந்தாள். தண்ணீர் நின்று நின்று வருகிற ஊர்களில் அந்த வழவழப்பு காய்ந்து, வெடித்து, உரிந்து, திரும்பத் தண்ணீர் வந்ததும் அதோடு சேர்ந்து குடத்துக்கு வருகிறது. குழாய் கரகரவென்று காற்றைத் துப்பிவிட்டுக் கொட்டுகிற அந்த முதல் தண்ணீரில் என்னென்ன கிருமி இருக்கிறது, எவ்வளவு நேரம் விட்டால் போகும் என்பதுதான் அவள் கேள்வி. கேட்டால் சின்னக் கேள்விபோல் இருக்கும். பதில் தேடிப் போனால் விடியற்காலையில் ஊரான் வீட்டு வாசலில் பாட்டிலோடு நிற்க வேண்டும்.

“இது நாப்பது வரைக்கும் போகலாம் அக்கா.”

“அட.”

“ஆனா கடல் சம்பந்தப்பட்டதா இருக்கணும்.”

“என் தண்ணியும் கடைசியில கடலுக்குத்தானே போகுது?”

“எழுதிப் பாருங்க. காடு சம்பந்தமான பரிசுக்கு, குழாய் மரத்தடியிலதான் போகுதுன்னு எழுதினீங்களே, அந்த மாதிரி.”

“அதுக்கு என்ன பதில் வந்துது?”

“வருத்தத்துடன்.”

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பதற்கு அதிலே ஒன்றும் இல்லை. ஆனால் எத்தனை தடவைதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது? பதில்கள் எல்லாமே ‘வருத்தத்துடன்’ என்றுதான் ஆரம்பிக்கும். இத்தனை பேர் தனக்காக வருத்தப்படுகிறார்கள் என்பதே குழாயக்காவுக்குச் சில சமயம் அதிசயமாக இருக்கும்.

“இளம் ஆய்வாளராம்” என்றாள், பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டே. “என்னை இளசுன்னு கூப்பிடறது உலகத்துலயே இவங்க மட்டும்தான். பஸ்ல ஏறினா தாடி முளைச்சவனெல்லாம் ‘உட்காருங்க ஆன்ட்டி’ங்கறான்.”

“அந்த ஒண்ணு இருக்கில்ல அக்கா? அதுக்கு இன்னும் பதில் வரலியே. அதுல வயசு கிடையாது, பட்டம் வாங்கி ஏழு வருஷம்தானே?”

“இருக்கு. அது ஒண்ணுதான் இருக்கு.”

அந்த ஒன்று பெரிய நல்கை. கிடைத்தால் ஐந்து வருஷத்துக்குச் சொந்தச் சம்பளம், சொந்த மேசை, கட்டுரையின் தலையில் சொந்தப் பெயர். கிடைக்காவிட்டால் பழையபடி பேராசிரியரின் திட்டத்தில், அவர் வருஷா வருஷம் போடும் கையெழுத்தில் தொங்க வேண்டியதுதான். அவருடைய திட்டமும் அடுத்த வருஷத்தோடு முடிகிறது. பட்டம் வாங்கி ஏழு வருஷத்துக்குள் இருப்பவர்கள்தான் போடலாம் என்பது விதி. அவளுக்கு இதுதான் கடைசிச் சுற்று. வருகிற மழைக்காலத்தோடு அவள் அதிகாரபூர்வமாகக் கிழவி.

கதவருகே கார் சாவி குலுங்கியது.

“கொஞ்சம் வாம்மா” என்றார் பேராசிரியர்.

அவர் எப்போதும் எங்கோ கிளம்பிக்கொண்டிருப்பார். கூட்டத்திலிருந்து வந்தால் கூட்டத்துக்குப் போவார். நல்ல மனுஷர்தான், யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேச மாட்டார். கடிந்து பேசவாவது ஒரு நிமிஷம் நிற்க வேண்டுமே.

“வழக்கம்போல ஒரு உபகாரம். மூணு அப்ளிகேஷன் வந்திருக்கு, மதிப்பீட்டுக்கு. அனுப்பியிருக்கேன். வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிடு.”

“சரி சார்.”

“கொஞ்சம் கறாராவே எழுது. மூணுல ஒண்ணு தேறினாப் போதுமாம். உன் மதிப்பீடுன்னா அங்க ரொம்ப மரியாதை, தெரியுமா? ‘எவ்வளவு நுணுக்கமாப் படிக்கறீங்க சார்’னு போன தடவைகூட என்னைப் பாராட்டினாங்க.”

“அப்படியா சார்?”

“ஆமா. உன்னைத்தான் நினைச்சுக்கிட்டேன்.”

இது அந்தத் துறையின் எழுதாத வழக்கம். பெரியவர்களுக்கு வருகிற மதிப்பீட்டு வேலையைச் சின்னவர்கள் செய்வார்கள், பெயர் பெரியவர்களுடையது. அவர் அவருடைய பேராசிரியருக்குச் செய்தார், இவள் இவருக்குச் செய்கிறாள். யாரும் இதைத் தப்பு என்று நினைத்ததில்லை. யாரும் இதை வெளியே சொன்னதும் இல்லை.

மத்தியானம் மேசையில் உட்கார்ந்து பிரித்தாள். விண்ணப்பங்களில் பெயர், ஊர், நிறுவனம் எல்லாம் மறைத்து, தலைக்கு ஓர் எண் மட்டும் போட்டிருந்தார்கள். அனுப்புகிற அலுவலர்களுக்கே எது யாருடையது என்று தெரியாதாம். அதனால்தான் மதிப்பீட்டாளரிடம் ஒரு கேள்வி முன்கூட்டியே கேட்டிருக்கிறார்கள்: ‘இந்த விண்ணப்பதாரரை உங்களுக்குத் தெரியுமா?’ மூன்றுக்கும் ‘தெரியாது’ என்ற கட்டத்தில் பேராசிரியர் டிக் போட்டிருந்தார்.

முதலாவது, வயல் மண்ணில் உப்பு ஏறுவதைப் பற்றி. சுமார். இரண்டாவது, பழைய கட்டடங்களில் ஈரம் எப்படிச் சுவர் ஏறுகிறது என்பது பற்றி. நிமிர்ந்து உட்கார்ந்து படித்தாள். எழுதியிருந்த பெண் (பெண்ணாகத்தான் இருக்க வேண்டும், ‘வீட்டில் நோயாளியைப் பராமரித்ததால் இடையில் வேலை தடைப்பட்டது’ என்று ஒரு மூலையில் ஒற்றை வரி இருந்தது) ஒவ்வொரு வாக்கியத்தையும் தட்டிப் பார்த்து வைத்திருந்தாள். ஒன்பது மார்க் போட்டாள் குழாயக்கா. கை கூசவில்லை.

மூன்றாவதைத் திறந்தாள்.

‘குழாயைத் திறந்ததும் வரும் முதல் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை, யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதும் இல்லை.’

போச்சு, என்று நினைத்தாள். எவளோ எனக்கு முன்னாலேயே எழுதிவிட்டாள். ஆறு வருஷமாக நான் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அலைந்தது எல்லாம் போச்சு. அதுவும் என்ன அழகாக ஆரம்பித்திருக்கிறாள், பாவி! எனக்கு இப்படி எழுத வந்திருந்தால் எங்கேயோ போயிருப்பேனே!

அடுத்த பக்கத்துக்குப் போனாள். அங்கே ஒரு படம் இருந்தது. சமையலறைக் குழாய். அதன் கழுத்தில், ஒழுகாமல் இருக்க, நீலக் கட்டம் போட்ட துணி இறுக்கிக் கட்டியிருந்தது. அந்தத் துணி அவள் கணவரின் பழைய சட்டை.

நல்கை அலுவலகத்தில் எழுத்துருவை மாற்றியிருந்தார்கள், தலைப்பை எடுத்துவிட்டு எண் போட்டிருந்தார்கள். தன் எழுத்தே தனக்கு அடையாளம் தெரியவில்லை.

எதிர் மேசையிலிருந்து பருந்து, “என்ன அக்கா, பேயடிச்ச மாதிரி இருக்கீங்க?” என்றாள்.

“ஒண்ணுமில்ல. பேயை எங்கயோ பார்த்த மாதிரி இருக்குன்னு யோசிக்கறேன்.”

வீட்டில் அவள் கணவர் அதே குழாயின் கழுத்தில் துணியை அவிழ்த்துப் புதிதாகச் சுற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. நாளெல்லாம் மற்றவர்களுக்குத் தெளிவாகத் தெரிகிறதா, இப்போது தெரிகிறதா என்று கேட்டுக் கேட்டு, வீட்டுக்கு வந்தால் எதையும் கூர்ந்து பார்க்க மாட்டார். விஷயத்தைக் கேட்டதும் துணியை விட்டுவிட்டுத் திரும்பினார்.

“சந்தோஷமான விஷயம்தானே?”

“எதுங்க சந்தோஷம்?”

“பரீட்சை எழுதினவளே பேப்பர் திருத்தறா. யாருக்குக் கிடைக்கும் இந்த யோகம்? பத்துக்குப் பத்தைப் போடு, கையைக் கழுவு, வா சாப்பிடலாம்.”

“அப்படியெல்லாம் போட முடியாதுங்க.”

“சரி, பத்து வேணாம், கண்ணைக் குத்தும். ஒன்பது போடு. இரு, நான் கேட்கறேன், நீ பதில் சொல்லு. என்ன கட்டம் எல்லாம் இருக்கு?”

“புதுமை. செய்யப்போற வழி. ஆய்வாளரோட திறமை.”

ஸ்டூலை இழுத்துப் போட்டு, காலை மடித்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார். “டாக்டரம்மா அவர்களே, புதுமைக்கு எவ்வளவு?”

“ஏழு.”

“ஏழா? அந்த மண்ணு உப்புக்கு எவ்வளவு போட்ட?”

“அதுக்கும் ஏழு.”

“மண்ணு என்ன புதுசா? உலகம் உண்டான நாள்லேருந்து கிடக்குது!”

“குழாயும்தான் கிடக்குது.”

“சரி, விடு. செய்யப்போற வழி?”

அவள் பக்கங்களைப் புரட்டி ஆறாவது பக்கத்தில் நிறுத்தினாள்.

“இங்க ஒரு ஓட்டை இருக்குங்க.”

“எங்க?”

“நின்னு நின்னு வர்ற தண்ணியால இந்தக் கெடுதல் வருதுன்னு சொல்றேன். அப்ப நிக்காம வர்ற தண்ணியோட அதை ஒப்பிட்டுக் காட்டணும் இல்லையா? ‘தொடர்ந்து நீர் ஓடும் குழாய்களுடன் ஒப்பிடப்படும்’னு எழுதியிருக்கேன். எந்தக் குழாய்? இந்த ஊர்ல தண்ணி நிக்காத குழாய் எங்க இருக்கு?”

“நீதானே எழுதின?”

“எனக்குத் தெரியும் அது இல்லைன்னு. தெரிஞ்சுதான் அந்த வரியைப் பூசி மெழுகிட்டேன். நல்ல வரிதான். படிக்கறவன் வழுக்கிக்கிட்டுப் போயிடுவான்.”

“அப்ப நீயும் வழுக்கிக்கிட்டுப் போ.”

“மதிப்பீடு பண்றவளா உட்கார்ந்தா வழுக்கலைங்க. அங்கயே கால் மாட்டிக்குது.”

அவர் ஸ்டூலிலிருந்து எழுந்தார். விளையாட்டு முடிந்துவிட்டது என்பது அவர் எழுந்த விதத்திலேயே தெரிந்தது.

“உன்னை ஒண்ணு கேட்கறேன். ஹவுஸ் ஓனர் ஒவ்வொரு தடவையும் வந்து, ‘அடுத்த வருஷமும் இருப்பீங்களா’ன்னு கேட்கறாரு. ‘ஒரு வருஷம்’னு சொல்றோம். இந்தக் குழாயை மாத்தலாம்னா, ‘ஒரு வருஷம்தானே இருக்கப் போறீங்க, துணியைக் கட்டுங்க’ங்கறாரு. எத்தனை ஒரு வருஷம்? அலமாரி வாங்கலாம்னா நீ வேணாங்கற. எனக்குச் சொந்தமா ஒரு கடை போட இடம் பார்த்தா, இந்த ஊர்ல நாம இருப்போமா மாட்டோமான்னே தெரியலை. உன்னைக் குத்தம் சொல்லல. நீயும்தான் தேய்ஞ்சுபோயிட்ட. ஆனா ஒரே ஒரு தடவை, தானா கையில வந்து விழுந்திருக்கு. அதையும் எடுத்து ஓட்டையைப் பார்க்கறியே!”

அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“இன்னொருத்தி இருக்காங்க” என்றாள். “சுவத்துல ஈரம் ஏறுறதைப் பத்தி எழுதியிருக்கா. அவளுக்கும் இதே மாதிரி வீட்ல ஒருத்தர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாரு.”

“அவளை எனக்குத் தெரியாது. உன்னைத் தெரியும்” என்றார். சொல்லிவிட்டு, குழாயின் துணியை இறுக்கி முடிச்சுப் போட்டார்.

மறுநாள் பருந்திடம் சொன்னாள். பருந்து வாயைப் பிளந்து, மூடி, உடனே கைபேசியை எடுத்து விதிகளைப் புரட்ட ஆரம்பித்தாள். அவளுக்குத் துக்கமோ சந்தோஷமோ, முதலில் விதிதான்.

“விண்ணப்பதாரர் மதிப்பீட்டுல எந்த விதத்துலயும் தலையிட்டா, விண்ணப்பம் ரத்து.”

“தலையிடல. தலையையே கொண்டுவந்து மடியில போட்டுட்டாங்க.”

“சாரே ‘இது எங்க ஆளோடது, நான் விலகிக்கறேன்’னு எழுதலாம். அப்ப வேற ஆளைத் தேடுவாங்க. ஒரு விண்ணப்பத்துக்கு மூணு பேர் படிச்சாகணும்.”

“தேடிக் கிடைக்கலைன்னா?”

“அடுத்த சுற்றுக்குத் தள்ளிடுவாங்க.”

“அடுத்த சுற்றுல நான் யாரு?”

பருந்து கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். “அக்கா, யாருக்கும் தெரியாது. நான் வாயைத் திறக்க மாட்டேன்.”

“நீ திறக்க மாட்ட, தெரியும். ஆனா நான் எழுதணுமே. ‘விண்ணப்பதாரரின் திறமை’ன்னு ஒரு கட்டம் இருக்கு, பார்த்தியா? அதுல என்ன எழுதறது? ‘பாவம், நல்லவ, கழுவின பாட்டிலுக்குக் கணக்கே இல்லை’ன்னா?”

பேராசிரியரின் அறைக்குப் போனபோது அவர் மேசைமேல் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். அது நெற்றியில் இருந்தது.

“முடிஞ்சுதா? சபாஷ். இன்னும் வெள்ளிக்கிழமைகூட வரலியே.”

“இல்ல சார். அந்த மூணாவது என்னுது.”

“உன்னுதுதான். மூணுமே உன்னுதுதான், உனக்குத்தானே அனுப்பினேன்.”

“இல்ல சார். அதை எழுதினதே நான்தான். என் அப்ளிகேஷன்.”

தேடிய கை நின்றது.

“குழாய் பத்தினதா?”

“ஆமா சார்.”

“நீ குழாய்ல வேலை செய்யறியா?”

“ஆறு வருஷமா சார்.”

“நீ என் வடிகட்டித் திட்டத்துல இல்ல இருக்கே?”

“அதுவும் செய்யறேன் சார். அது முடிஞ்சு பாக்கி நேரத்துல இது.”

அவர் நாற்காலியில் மெதுவாகச் சாய்ந்தார். “அதனாலதான் உன்னை எல்லாரும் குழாயக்காங்கறாங்களா? நான் என்னவோ, நீ எல்லார்கிட்டயும் குழாயடிச் சண்டை போடறவன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.”

சிரிக்கலாமா கூடாதா என்று அவருக்கே தெரியவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதி வழியில் நின்றுவிட்டது.

“துறைத் தலைவர்னு அதுல நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க சார். கூடவே ஒரு சிபாரிசும் கொடுத்திருக்கீங்க.”

“நீ எழுதிக்கொண்டு வந்து வைச்சே, நான் போட்டேன்.”

“படிக்கலையா சார்?”

“நீ எழுதினதை எதுக்கும்மா படிக்கணும்? சரியாத்தான் இருக்கும்.”

அதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார். அவளும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை.

பேராசிரியர் எழுந்து கதவைச் சாத்தினார். திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார். “இதைப் பாரு. நடந்தது நடந்துபோச்சு. நீ கெட்டிக்காரி, உனக்குக் கிடைக்க வேண்டியதுதான். நீயே எழுது, நியாயமா எழுது. நான் கண்ணை மூடிக்கிட்டு அனுப்பிடறேன். இதுல யாருக்கு என்ன நஷ்டம்?”

“மத்த ரெண்டு பேருக்கு சார்.”

“அவங்களை யாருன்னே நமக்குத் தெரியாதே.”

“அவங்களுக்கும் என்னைத் தெரியாது சார். போட்டிக்காரிதான் தங்களுக்கு மார்க் போடறான்னு தெரிஞ்சா என்ன சொல்வாங்க? மூணையும் திருப்பி அனுப்பிடுங்க சார். நான் படிச்சதே தப்பு.”

“திருப்பி அனுப்பினா உன்னுது என்ன ஆகும்னு தெரியுமா?”

“தெரியும் சார். பருந்து சொல்லிட்டா.”

“பருந்தா?”

“அதை அப்புறம் சொல்றேன் சார்.”

அவர் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்டுபிடித்துக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். “எனக்கும் ஒரு சங்கடம் இருக்கும்மா. ‘விண்ணப்பதாரரைத் தெரியுமா’ன்னு கேட்டிருந்தாங்க. மூணுக்கும் ‘தெரியாது’ன்னு டிக் போட்டிருக்கேன். என் லேபிலேயே வேலை செய்யறவளைத் தெரியாதுன்னு சொல்லியிருக்கேன்னா, பொய் சொன்னேன்னு ஆகாதா? இத்தனை வருஷப் பேரு…”

“பொய் இல்லையே சார்” என்றாள் குழாயக்கா. குரலை உயர்த்தவில்லை. காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தவள் பேசுகிற மாதிரி, களைப்பாகத்தான் சொன்னாள். “உங்களுக்குத் தெரியாதுதானே.”



துடைப்பதை நிறுத்தி அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கணினியைத் தன் பக்கம் திருப்பினார். அவருக்கு இரண்டு விரலில்தான் தட்டச்சு வரும். மற்ற எல்லாவற்றையும் இத்தனை வருஷமாக யாராவது அடித்துக்கொடுத்தார்கள். அவள் நகர்ந்து உதவப் போனாள்.

“இரு. இதை நானே அடிக்கறேன்.”

எழுதி முடித்துப் படித்துக் காட்டினார். மூன்றாவது விண்ணப்பம் தன் துறையிலிருந்து வந்தது, அதைக் கவனிக்காமல் விட்டது தன் தவறு, மூன்றையும் தான் படிக்காமல் இன்னொருவரிடம் கொடுத்ததும் தன் தவறு, மூன்றிலிருந்தும் விலகுகிறேன். யாரிடம் கொடுத்தார் என்று அதில் இல்லை.

“இனிமே எனக்கு எதையும் அனுப்ப மாட்டாங்க” என்றார்.

“எனக்கும் கொஞ்சம் ஓய்வு சார்.”

அவர் சட்டென்று சிரித்துவிட்டார். அனுப்பும் பொத்தானை அழுத்திய விரல் மட்டும் சற்று நேரம் அங்கேயே இருந்தது.

பதில் வர நாளாயிற்று. வந்தபோது அது பேராசிரியருக்கு வரவில்லை. நேராக அவளுக்கே வந்தது. கழுவுதொட்டி முன்னால் கை முழுக்கச் சோப்பு.

“நீயே படி” என்றாள்.

பருந்து கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள். முதல் வார்த்தையிலேயே நின்றாள்.

“வருத்தத்துடனா?”

“ஆமாக்கா.”

“மேல படி.”

“இந்தத் தலைப்பு ரொம்பக் குறுகினதா இருக்கறதால, படிக்க ஆள் கம்மியாம். மூணாவது மதிப்பீட்டாளர் குறிச்ச காலத்துல கிடைக்கலையாம். அடுத்த சுற்றுக்கு மாத்தியிருக்காங்க. அந்தச் சுற்றுல… தகுதி விதிகள் பொருந்தும்.”

“பொருந்தும்னா எனக்குப் பொருந்தாது.”

“அக்கா…”

“மத்த ரெண்டும் என்ன ஆச்சுன்னு போட்டிருக்கா?”

“அதெல்லாம் நமக்குச் சொல்ல மாட்டாங்க.”

“ஆமா. சொல்ல மாட்டாங்க.” பாட்டிலின் கழுத்துக்குள் பிரஷ்ஷை விட்டுச் சுழற்றினாள். அடியில் படிந்திருந்த வழவழப்பு போகவில்லை. இன்னும் கொஞ்சம் சோப்பு ஊற்றினாள். “இதைப் பாரேன். என்னை விட்டுப் போக மனசே இல்லை அதுக்கு.”

பருந்துதான் அழுதாள். அழுதுகொண்டே, “வயசே கேட்காத ஒண்ணு எங்கயாவது இருக்கும் அக்கா, நான் கண்டுபிடிக்கறேன்” என்றாள்.

“கண்டுபிடி. முதல்ல மூக்கைத் துடை.”

சாயங்காலம் எல்லாரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கதவருகே யாரோ நின்றார்கள். பேராசிரியர். கார் சாவி குலுங்கவில்லை. கையில் ஒரு கட்டுக் காகிதம் இருந்தது. ஓரங்களில் பென்சிலால் கிறுக்கியிருந்தது.

“உட்காரலாமா?” என்றார். இந்த ஆய்வகத்தில் அவர் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. எந்த ஸ்டூல் ஆடும், எது ஆடாது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. ஆடாத ஒன்றைத் தள்ளிக் கொடுத்தாள்.

“பதில் வந்துதாமே.”

“வந்துது சார்.”

“நான் போன் போட்டுக் கேட்டேன். விதி விதின்னுட்டாங்க.” காகிதத்தை மடியில் தட்டிச் சீராக்கினார். “முழுசாப் படிச்சேன்மா. ரெண்டு தடவை. ஒண்ணை முதல்லேருந்து கடைசி வரைக்கும் படிச்சு எவ்வளவு காலம் ஆச்சுன்னு எனக்கே ஞாபகம் இல்லை.”

எப்படி இருந்தது என்று கேட்டால் நன்றாக இருந்தது என்பார். அதைக் கேட்டு என்ன ஆகப் போகிறது?

“நல்லா எழுதியிருக்கே. ஆனா இந்த ஆறாம் பக்கம் இருக்கு பாரு” என்று பென்சிலை வைத்துக் காட்டினார். “இங்க என்னை ஏமாத்தப் பார்க்கறே.”

குழாயக்கா நிமிர்ந்தாள்.

“‘தொடர்ந்து நீர் ஓடும் குழாய்கள்’னு போகிற போக்குல சொல்லிட்டுப் போயிட்டே. எங்க இருக்கு அது, இந்த ஊர்ல? முதல் தடவை நானும் வழுக்கிட்டேன். ரெண்டாவது தடவைதான் மாட்டினே.”

அழுகை வரும்போல இருந்தது. வருத்தம் தெரிவித்த அத்தனை கடிதங்களுக்கும் வராத அழுகை. முந்தானையைச் சரிசெய்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“எனக்கும் தெரியும் சார். பூசி மெழுகிட்டேன்.”

“அதான் கேட்கறேன். மெழுகாம எப்படிச் செய்வே?”

“தெரியலை சார். தெரிஞ்சா எழுதியிருப்பேனே.”

“சரி, யோசிப்போம். அவசரமா போகணுமா?”

“எட்டு மணி பஸ் சார்.”

“இருக்கு நேரம்” என்று பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார். இந்தப் படிப்பு அவளுக்கு ஒரு மேசையையும் வாங்கித் தராது, ஒரு மாதச் சம்பளத்தையும் வாங்கித் தராது. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருந்தாலும் அவர் பக்கம் திருப்புகிற சத்தத்தை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கைபேசி அடித்தது. கணவர்.

“என்ன ஆச்சு? பதில் வந்துதா?”

“வந்துதுங்க.”

அவள் சொன்ன விதத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. திட்டவில்லை. ஓட்டையைப் பார்த்தாயே என்று குத்திக்காட்டவில்லை. பின்னால் குழாய் ஒழுகுகிற சத்தம் கேட்டது.

“சரி, விடு. இங்க ஹவுஸ் ஓனர் வந்து உட்கார்ந்திருக்காரு. அடுத்த வருஷமும் இருப்பீங்களான்னு கேட்கறாரு. என்ன சொல்லட்டும்?”

எதிரே பேராசிரியர் நான்காம் பக்கத்துக்கு வந்துவிட்டிருந்தார். உதடு அசையாமல், விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே படித்தார்.

“ஒரு வருஷம்னு சொல்லுங்க.”

“போன வருஷமும் அதையேதான் சொன்னோம்.”

“இந்த வருஷமும் சொல்லுங்க. அப்புறம்… குழாய்க்குத் துணி மாத்தினீங்களா?”

“மாத்தணும். கட்டம் போட்ட சட்டை தீர்ந்துபோச்சு.”

“வெள்ளைச் சட்டையில கை கிழிஞ்சது ஒண்ணு இருக்கு, துணிப் பெட்டிக்கு அடியில. அதை எடுத்துக்குங்க. நான் வர நேரமாகும். சார் படிச்சுக்கிட்டிருக்காரு.”

“என்ன படிக்கறாரு?”

“என்னுதைத்தான்” என்றாள்.